மாதம் நான்கு நிமிடம்

"முதல்ல நீ சாப்பிட்டியாம்மா?" என்று முகைதீன் பிச்சை கேட்டார்.

கேட்டது ஓர் இயந்திரத்திடம். கோவில்பட்டி ஓய்வூதியர் நல மையத்தில், முன்பு டாக்டரம்மா உட்கார்ந்திருந்த அறையில், பீரோ அளவுக்கு வெள்ளை வெளேரென்று நின்றது அது. கை நுழைக்க ஒரு பட்டை, விரல் வைக்க ஒரு குழி, பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி வட்டம், பேசுவதற்கு ஒரு பெண் குரல். அரசாங்கம் அதற்கு 'நலன்' என்று பெயர் சூட்டியிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பெட்டி.

"நான் உணவு உட்கொள்வதில்லை. உங்கள் உடல்நலக் குறையைக் கூறுங்கள். மூன்று நிமிடம் ஐம்பது நொடிகள் மீதமுள்ளன" என்றது பெட்டி.

முகைதீன் பிச்சை முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். யாரிடமும் நேராக விஷயத்துக்குப் போய்ப் பழக்கமில்லாதவர். "கால்ல ஒரு சின்னப் புண்ணு. அது எப்படி வந்துச்சுன்னா, காயல்பட்டணத்துல எங்க அக்கா பேத்திக்குக் கல்யாணம்..." என்று ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் செருப்பு, செருப்புக் கடைக்காரரின் தகப்பனார் ஒருநாள் தன் பஸ்ஸில் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தது, கல்யாணப் பிரியாணியில் கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது என்று கதை ஊர் சுற்றி, செருப்புக் கடித்த இடத்தை நெருங்கும்போது மணி அடித்தது.

"உங்கள் நேரம் முடிந்தது. அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்."

கதவு தானாகத் திறந்துகொண்டது. முகைதீன் பிச்சை வெளியே வந்து, காத்திருப்புக் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "புண்ணைக் காட்டக்கூட விடலையே!"

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஓர் அரசு வேலையில் முப்பது வருஷம் ஓடிவிட்டு ஓய்வு பெற்றவர்கள். சிரிப்பு வந்தாலும் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே கதைதான் நடந்திருந்தது.

"நாலு நிமிஷம்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணினான்?" என்று கேட்டார் பிச்சை.

பதில் சொல்ல அங்கே ஒருவர் எப்போதும் தயாராக இருந்தார். கோமதிநாயகம், ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் சட்டைப் பையில் பச்சை மசிப் பேனா வைத்திருப்பவர்.

"சிக்கன நடவடிக்கை" என்றார் கோமதிநாயகம், அரசாணையையே வாசிப்பது போல. "இங்க டாக்டர் ஒண்ணு, நர்ஸ் ரெண்டு, கம்பவுண்டர் ஒண்ணு. நாலு பணியிடத்தையும் எடுத்துட்டு இதைக் கொண்டுவந்து வச்சாங்க. ஆனா இது யோசிக்கிறது இங்க இல்லை பாய். எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துல ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர் ஓடுது. நீங்க பேசுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அங்க கரண்டு செலவு. அதைக் குளிர வைக்கத் தண்ணிச் செலவு. அதான் ஆளுக்கு மாசம் நாலு நிமிஷம்."

"அந்த டாக்டரம்மா யோசிக்கிறப்போ ஒரு ஃபேன்தான் ஓடுச்சு" என்றார் பிச்சை. "அதுவும் பாதி நாள் ஓடாது."

இதையெல்லாம் ஓரத்து நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் சண்முகவடிவு. அறுபத்தேழு வயது. சார்பு நீதிமன்றத்தில் முப்பத்துநான்கு வருஷம் தட்டச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இந்திரா நகரில் தனியாக இருந்தார். அன்று அவரும் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முட்டி வலி எந்தக் காலில், எப்போதிருந்து, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று சொல்லி முடித்தபோது ஒரு நிமிடம் ஐம்பது நொடிதான் ஆகியிருந்தது. 'தெளிவாகக் கூறினீர்கள்' என்று பெட்டியே பாராட்டி மருந்துச் சீட்டை நீட்டியது.

அந்தப் பாராட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பிச்சை கவனித்திருந்தார். நேராக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வடிவம்மா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். நாளை கழிச்சு ஒண்ணாம் தேதி. எனக்குப் புது நாலு நிமிஷம் வருது. நான் என்ன பேசணும்னு நீங்க எழுதிக் குடுங்க."

"நான் எதுக்குங்க? நீங்களே வீட்டுல உட்கார்ந்து யோசிச்சு..."

"யோசிச்சா இன்னும் நீளும்" என்றார் பிச்சை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராஜகனி டீச்சருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்லா?"

தெரியும். ராஜகனி டீச்சருக்கு நான்கு தொந்தரவுகள் இருந்தன. மூன்றைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சொல்லாமல் விட்ட நான்காவதுதான் டீச்சரைக் கொண்டுபோனது. டீச்சர் போனபோது அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

சண்முகவடிவு கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "சரி, சொல்லுங்க. கல்யாணத்துல இருந்தே சொல்லுங்க."

பிச்சை முக்கால் மணி நேரம் பேசினார். சண்முகவடிவு குறுக்கிடவில்லை. நீதிமன்றத்தில் அவர் பார்த்த வேலை அதுதான். சாட்சி கூண்டில் நின்று அரை மணி நேரம் சொல்வார். நீதிபதி அதை இரண்டு வரியாகச் சுருக்கிச் சொல்ல, இவர் தட்டச்சு செய்வார். எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று முப்பத்துநான்கு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

ஒன்றாம் தேதி பிச்சை தாளைப் பார்த்து வாசித்தார். 'வலது கால் சுண்டுவிரல் பக்கம் புண். வந்து பத்தொன்பது நாள். வலி இல்லை. ஆறவும் இல்லை. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையை வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறேன்.' ஒன்றேகால் நிமிடம். வலி இல்லை என்ற வார்த்தையில் பெட்டி உஷாராகிவிட்டது. காலைக் கண்ணாடி வட்டத்தின் முன்னால் தூக்கி வைக்கச் சொன்னது, விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்தது, அன்றே போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளச் சீட்டும் கொடுத்தது. மிச்சம் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அதைப் பிச்சை கல்யாணப் பிரியாணிக்குச் செலவழித்தார்.

மறுநாள் சண்முகவடிவின் நாற்காலிக்கு எதிரே நான்கு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் பதினோரு பேர்.

செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் வைத்துக்கொண்டார்கள். அந்தோணியம்மாள் என்ற ஓய்வு பெற்ற நர்ஸ், ஒரு காலத்தில் இதே மையத்தில் ஊசி போட்டவர், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தார். ஒருவர் சுண்டல் கொண்டுவந்தார், இன்னொருவர் ஃபிளாஸ்க்கில் டீ. பெட்டி வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வாசம்கூட இல்லாமல் கிடந்த கூடத்தில் மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டது. சிலருக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சண்முகவடிவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லாம் எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிடுவார். பேனாவை உள்ளே வைப்பார். பிறகு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று சும்மா பேச ஆரம்பிப்பார்.

"நோட்டை மூடுன பிறகு எதுக்கு இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கீங்க?" என்று அந்தோணியம்மாள் ஒருநாள் கேட்டார். "வெளிய ஆறு பேரு நிக்காங்க."

"கோர்ட்டுல பார்த்திருக்கேன் சிஸ்டர். கூண்டுல நிக்கிற வரைக்கும் சாட்சி ஒண்ணும் சொல்ல மாட்டான். கையெழுத்துப் போட்டுட்டு இறங்கும்போதுதான், 'அய்யா, ஒண்ணு விட்டுப்போச்சு'ம்பான். கேஸே அதுலதான் இருக்கும்."

அப்படித்தான் மின்வாரியத்துக்காரர் ஒருவர், நோட்டு மூடிய பிறகு, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பதைச் சொன்னார். அப்படித்தான் ஓர் அம்மாள், மருமகள் சாப்பாடு போடாததைச் சொல்லாமல், பசிக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்குப் பெட்டியிடம் மருந்து இல்லை. அந்தோணியம்மாள் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

இந்தப் பக்கமே வராதவர் கோமதிநாயகம் ஒருவர்தான். "நான் ஆயிரம் அறிக்கை எழுதுனவன். எனக்கு எழுதிக் குடுக்க ஆளா?" என்று சொல்லிவிட்டு, பச்சை மசியில் தானே எழுதிய தாளோடு பெட்டிக்குள் போவார். 'பொருள்: வயிற்று எரிச்சல். பார்வை: சென்ற மாதச் சீட்டு' என்று வாசிப்பார். பெட்டியும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடும்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அதேபோல் உள்ளே போய்விட்டு வந்து, டீயை வாங்கிக்கொண்டு நின்றார். அவருடைய நான்கு நிமிடமும் வயிற்று எரிச்சலில் கரைந்திருந்தது. சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் திறந்து கிடந்தன. எப்போதும் கழுத்து வரை பூட்டிக்கொண்டு வருகிற மனிதர்.

"என்ன சார், புழுக்கமா?" என்றார் சண்முகவடிவு.

"புழுக்கம் என்ன புழுக்கம். காலைல பொத்தானைப் போடப் போனா வலது கை சொன்ன பேச்சைக் கேக்கலை. விரலு துணி மாதிரி தொங்குச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிட்டு. அப்புறம் போட்டுக்கலாம்னு அப்படியே வந்துட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். "முந்தாநாளும் இப்படித்தான். பால்காரன்கிட்ட 'அரை லிட்டர்'னு சொல்ல வந்தா வாயி கோணிக்கிட்டு வேற என்னமோ வருது. அவன் பயந்துட்டான்."

அந்தோணியம்மாள் கையிலிருந்த டோக்கன் கட்டைக் கீழே வைத்தார். "சார், இதை உள்ள சொன்னீங்களா?"

"அதான் சரியாயிட்டே! அதை எதுக்குச் சொல்லணும்?"

"சார், மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சு விட்டிருக்கு. ரெண்டு தடவை விட்டிருக்கு. மூணாவது தடவை விடும்னு சொல்ல முடியாது. இன்னைக்கே பெரியாஸ்பத்திரி போகணும்."

கோமதிநாயகத்தின் முகம் மாறியது. ஆனால் விதி அவருக்குத் தெரியும். பெட்டியின் பரிந்துரை எண் இல்லாமல் ஓய்வூதியர் யாரையும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். அதுவும் சிக்கன நடவடிக்கைதான். எண் இல்லாமல் அவசரப் பிரிவில் எடுப்பார்கள். ஆனால் கண்ணுக்கு முன்னால் கை இழுத்துக்கொண்டிருந்தால்தான்.

"போயி வரிசையில நின்னு, 'கையைத் தூக்குங்க'ம்பான். நான் தூக்குவேன். 'நல்லாத்தானே இருக்கீரு, போயிட்டு ஒண்ணாம் தேதிக்கு மேல வாரும்'பான். எனக்கே தெரியாதா? நானே எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன்..." சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அன்று தேதி ஒன்பது.

பிச்சை பெட்டியின் கதவைத் தட்டினார். "யம்மா, என் நேரத்தை எடுத்துக்கோ!" என்று கத்தினார். 'உங்கள் நேரம் இம்மாதம் மூன்றாம் தேதி முடிந்தது' என்று கதவு பதில் சொன்னது. அந்தோணியம்மாளும் அந்த மாதத்து நேரத்தைத் தீர்த்திருந்தார். அங்கே இருந்தவர்களில் நேரத்தைத் தொடாமல் வைத்திருந்தவர் ஒருவர்தான். ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த பரபரப்பில் சண்முகவடிவு தன் முட்டி வலியையே மறந்து போயிருந்தார்.

அவர் எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. கையைப் பட்டைக்குள் நுழைத்தார்.

"உங்கள் உடல்நலக் குறையைக் கூறுங்கள்."

"நெஞ்சு படபடப்பு. இன்னைக்குக் காலைல பத்து இருபதுல இருந்து."

பட்டை இறுகித் தளர்ந்தது. "நாடித் துடிப்பு நூற்றுப் பதினான்கு. இதற்கு முன் இவ்வாறு இருந்ததுண்டா?"

"இல்லை."

"காரணம் ஏதேனும் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். இருநூறு பேருக்கு எழுதிக் கொடுத்ததில் பெட்டி எதற்குப் பிறகு எதைக் கேட்கும் என்பது மனப்பாடம் ஆகியிருந்தது.

"தெரியும். காரணம், வெளிய இருக்கிற கோமதிநாயகம். வயசு எழுபத்தொண்ணு. முந்தாநாள் காலைல அவருக்கு..."

"மன்னிக்கவும். உங்கள் நேரத்தில் மற்றொருவரின் உடல்நலம் குறித்துப் பேச இயலாது."

சண்முகவடிவு விடவில்லை. எத்தனை வக்கீல்கள் ஆட்சேபணை தெரிவித்ததையும், எத்தனை நீதிபதிகள் அதைத் தள்ளியதையும் அவர் தட்டச்சு செய்திருக்கிறார்!

"நான் அவர் உடம்பைப் பத்திப் பேசலை. என் படபடப்புக்குக் காரணம் என்னன்னு நீங்க கேட்டீங்க. அதைச் சொல்லுதேன். காரணத்தைக் கேக்காம வைத்தியம் பார்க்கலாம்னு உங்க விதியில இருக்கா?"

பெட்டி பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் கரண்டு செலவாகிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றது. "தொடருங்கள்."

அவர் சொன்னார். எந்த நாள், எந்த நேரம், எந்தக் கை, எத்தனை நிமிடம், வாய் எந்தப் பக்கம் கோணியது, பால்காரர் என்ன பார்த்தார், இதற்கு முன் ரத்த அழுத்தம் உண்டா, இப்போது எப்படி இருக்கிறார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உங்களுக்கு மருந்து தேவையில்லை" என்றது பெட்டி. "காரணத்தை நீக்குவதே உங்களுக்கான சிகிச்சை. காரணம் இன்று மாலைக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டும். பரிந்துரை எண் அச்சாகிறது."

"யார் பேருக்கு?"

"காரணத்தின் பெயருக்கு."

சீட்டு வெளியே வந்தது. நோயாளி: சண்முகவடிவு. சேர்க்கப்பட வேண்டியவர்: கோமதிநாயகம். நோயாளிக்கு உறவு: காரணம்.

தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரியில் சீட்டைப் பார்த்த குமாஸ்தா தலையைச் சொறிந்தார். ஆனால் எண் சரியாக இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள். கழுத்து ரத்தக்குழாயில் முக்கால்வாசி அடைப்பு. நான்கு நாளில் சரி செய்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த மனிதரைப் பிச்சை கூடத்து வாசலிலேயே நின்று, "வாங்க காரணம் சார்!" என்று வரவேற்றார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. சண்முகவடிவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தடவினார், பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அந்த வயிற்று எரிச்சல்" என்றார். "அது எரிச்சல் இல்லை. மகன் போன் பண்ணாத நாள்ல வரும்."

சண்முகவடிவு நோட்டைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே ஐப்பசி வரை போனது. ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. சென்னையிலிருந்து. 'மேற்படி மையத்தில் காணப்படும் வழக்கத்துக்கு மாறான பயன்பாடு குறித்து விசாரிக்க அலுவலர் வருகை தருவார்.'

கோமதிநாயகம் அதை மூன்று தடவை வாசித்தார். "வழக்கத்துக்கு மாறானன்னா முறைகேடுன்னு அர்த்தம்" என்றார். "ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் சொல்லிக் குடுக்கிறது ஆள்மாறாட்டத்துல வரும். மையத்தையே மூடிட்டுக்கூடப் போயிருவாங்க." அன்று யாரும் சுண்டல் சாப்பிடவில்லை.

வந்தவர் நாற்பது வயதுக்காரர். நவநீதன் என்று பெயர், துணை இயக்குநர். தோளில் ஒரு பை, கண்ணில் தூக்கக் கலக்கம். கூடத்தில் இருந்த முப்பது பேரும் எழுந்து நின்றதைப் பார்த்து அவரே கொஞ்சம் மிரண்டார்.

"உட்காருங்க, உட்காருங்க. இந்த மையத்துல இருநூற்றுப் பதிமூணு பேர் பேசறாங்க. எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்க. நாள், இடம், அளவுன்னு வாக்குமூலம் குடுக்கற மாதிரி. மத்த முப்பத்தாறு மையத்துலயும் பாதிப் பேர் குறையைச் சொல்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. இங்க மட்டும் எப்படி? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

யாரும் சண்முகவடிவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். பிச்சை எழுந்தார்.

"நான் சொல்லுதேன் சார். கால்ல ஒரு சின்னப் புண்ணு. அது எப்படி வந்துச்சுன்னா, காயல்பட்டணத்துல எங்க அக்கா பேத்திக்குக் கல்யாணம்..."

நவநீதன் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். இருபது நிமிடம் கழித்துப் பேனாவை வைத்துவிட்டார். முப்பதாவது நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவர் படும் பாட்டைச் சண்முகவடிவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் எழுந்தார்.

"சார், நான்தான் எழுதிக் குடுத்தேன். எல்லாருக்கும். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

 நவநீதன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் சொன்னதையா? இதையா ஒரு பக்கத்துல எழுதினீங்க?"

"முக்கால் பக்கம்தான் சார்."

 நவநீதன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"புகார் குடுத்தது யாரு சார்?" என்று கோமதிநாயகம் கேட்டார். தாசில்தார் குரல் வரவில்லை. கெஞ்சுகிற குரல் வந்தது.

"புகார்னு யார் சொன்னது? கோரிக்கை சார். குடுத்தது அது." மூடிய கதவைக் காட்டினார். "ஒவ்வொரு பெட்டியும் மாசா மாசம் தனக்கு என்ன வேணும்னு எங்களுக்கு ஒரு பட்டியல் அனுப்பும். ஊசி, காகிதச் சுருள், கைப்பட்டை... மொத்தம் பதிமூணு சாமான். இந்தப் பெட்டி ஒம்பது மாசமா பதினாலாவதா ஒண்ணு கேக்குது." தாளை வாசித்தார். "'காத்திருப்புக் கூடத்தில் கேட்பவர் ஒருவர். தற்போது தற்செயலாகக் கிடைத்து வருகிறார். நிரந்தரமாகத் தேவை.'"

யாருக்கும் உடனே புரியவில்லை.

"எட்டு தடவை நிராகரிச்சிட்டோம். அதாவது, கம்ப்யூட்டரே நிராகரிச்சிடுச்சு. பட்டியல்ல அப்படி ஒரு சாமான் இல்லையே! ஒம்பதாவது தடவை, 'இது இல்லையேல் இயந்திரம் முழுமையாக இயங்குவதாகக் கருத இயலாது'ன்னு எழுதி அனுப்பிச்சு. அப்புறம்தான் மனுஷங்க கைக்கு வந்தது."

"அதுக்கு எப்படி என்னைத் தெரியும்?" என்றார் சண்முகவடிவு.

"கதவு திறக்கறப்ப எல்லாம் உங்க குரல் கேட்டிருக்கு. இதைச் செலவைக் குறைக்கச் சொல்லித்தானேம்மா வச்சோம்? அது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கு. உங்ககிட்ட பேசிட்டு வர்றவங்க ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போறாங்க, சீக்கிரம் திரும்பி வர்றாங்க. அதுக்குத் தெரிஞ்சதிலேயே பெரிய சிக்கனம், ஒரு ஆளை உட்கார வைக்கறதுதான்னு முடிவு பண்ணிடுச்சு. முப்பத்தேழு மையத்துக்கும் கேட்டிருக்கு. எங்க அப்பா திருவாரூர் மையத்துலதான் உடம்பைக் காட்டறார். எப்பப் போன் பண்ணாலும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றார்..." என்று சம்பந்தமில்லாமல் ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ மூட மாட்டீங்க?" என்றார் பிச்சை.

"மூடறதா? ஒரு சிக்கல்தான் இருக்கு. புதுசா ஆள் எடுக்கத் தடை. இவங்களுக்கு வயசும் தாண்டிடுச்சு. ஆனா..." நவநீதன் முதல் தடவையாகச் சிரித்தார். "உபகரணம் வாங்கத் தடை இல்லை. அதனால உங்களை வேலைக்கு எடுக்கலைம்மா. வாங்கறோம். துணைக்கருவி எண் பதினாலு."

கூடம் சிரிப்பில் குலுங்கியது. அந்தோணியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆயுசு முழுக்க அரசாங்கத்துல ஆளா இருந்தேன். இப்போ கருவியாயிட்டேனா?" என்று கேட்ட சண்முகவடிவும் சிரித்தார்.

படிவம் வந்தது. இயந்திரங்களுக்கென்று அச்சடித்த படிவம். கோமதிநாயகம் பச்சை மசிப் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். உற்பத்தி ஆண்டு என்ற இடத்தில் பிறந்த வருஷத்தை எழுதினார். மின் தேவை: இல்லை. பராமரிப்பு என்ற இடத்தில், தேநீர், நாளொன்றுக்கு இரண்டு முறை என்று எழுதச் சொன்னார் பிச்சை. சர்க்கரை குறைவாக என்று அந்தோணியம்மாள் சேர்த்தார்.

கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கோமதிநாயகம் நிறுத்தினார். "பழுதுற்றால் பொறுப்பேற்பவர்" என்று வாசித்தார். "இதுல கம்பெனிப் பேரைப் போடுவாங்க. நாம யாரைப் போட?"

சண்முகவடிவு யோசித்தார். ராஜபாளையத்தில் ஒரு தம்பி இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்வான். அவன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "அதைக் காலியா விட்டுருங்க சார்" என்றார்.

"கொண்டாங்க அதை" என்று பிச்சை தாளைப் பிடுங்கினார். கட்டத்துக்குள் தன் பெயரை எழுதினார். அந்தோணியம்மாள் அதன் கீழே எழுதினார். மின்வாரியத்துக்காரர் ஓரத்தில் எழுதினார். தாள் கை மாறிக் கை மாறிக் கூடத்தின் மறுகோடி வரை போனது. திரும்பி வந்தபோது கட்டம் நிரம்பி, விளிம்பு நிரம்பி, பின்பக்கத்திலும் பாதி நிரம்பியிருந்தது. சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத எதையோ கைப்பையில் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு" என்றார் நவநீதன் மெதுவாக. "கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"ஏத்துக்கும்" என்றார் கோமதிநாயகம். அவருடைய பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "விதியில இடம் இருக்கு. இணைப்புத் தாள் வைக்கலாம்." கட்டத்தின் மூலையில் பச்சை மசியில் 'காண்க: இணைப்பு, பக்கம் ஒன்று முதல்' என்று எழுதி, கூடத்தை ஒரு தடவை தலை எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் வராதவர்களுக்கும் சேர்த்து, 'ஆறு வரை' என்று முடித்தார்.